மின்கம்பிக்குக் கீழே: புரோக்கோபோண்டோ நாட்குறிப்பு

வியாழன் – பாரமாரிபோவிலிருந்து தெற்கே

உள்நாட்டுக்குப் போகிற வேன்கள் சுரிநாமின் தலைநகர் பாரமாரிபோவில் சாரமாக்கா தெருவில் நிற்கின்றன. புறப்படும் நேரம் என்று எங்கும் எழுதியிருக்காது. ஆள் சேர்ந்தால் எடுப்பார்கள். ஆள் சேர்வதற்குள் சாமான் சேர்ந்துவிடுகிறது: அரிசி மூட்டை, உறைந்த கோழிக்கால் பெட்டி, வெங்காயம், சுருட்டிக் கட்டிய மெத்தை, படகு மோட்டாருக்கு எண்ணெய். என் மடியில் யாருடையதோ ஒரு மேசை விசிறி. உள்ளே போகப் போக எல்லாமே விலை கூடுதல் என்பதால் ஊருக்குத் திரும்புகிற ஒவ்வொருவரும் பாதி மளிகைக்கடையைச் சுமந்துகொண்டுதான் வண்டி ஏறுகிறார்கள்.

தென்னமெரிக்காவின் வடகிழக்கு விளிம்பில் இருக்கிறது சுரிநாம். 1975 வரை டச்சுக் காலனி. மக்களில் பெரும்பாலானோர் கடற்கரை ஓரமாகவே வாழ்கிறார்கள், தெற்கே காடு. அந்தக் காடு தொடங்கும் இடத்தில் புரோக்கோபோண்டோ மாவட்டம். பரப்பு 7,364 சதுர கிலோமீட்டர். 2012 கணக்கெடுப்பில் ஆள் எண்ணிக்கை 15,909. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் சொச்சம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மரூன்கள், அதாவது கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடி, டச்சுக்காரர்களோடு சண்டையிட்டுத் தங்களுக்கென்று ஊர்களை அமைத்துக்கொண்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சம். சுரிநாம் ஆற்றோரம் இருப்பவர்கள் சாமாக்கா. சாரா ஓடைப் பக்கம் நிஜூக்கா மக்களும் உண்டு.

பரனாம் என்ற இடத்தைத் தாண்டும்போது இடப்பக்கம் மூடிப்போன ஓர் ஆலையின் இடம். அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தின் கிளையான சுரால்கோ இங்கே பாக்சைட்டிலிருந்து அலுமினாவும், அலுமினாவிலிருந்து அலுமினியமும் எடுத்தது. அலுமினியம் உருக்குவது 1999-இல் நின்றது. அலுமினா 2015-இல். அங்கிருந்து உயர் அழுத்தக் கோபுரங்கள் சாலையோடு தெற்கே போகின்றன. வேனும் அவற்றின் கூடவே போகிறது. இந்தக் கம்பிகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தின் கதையில் பாதி இதில்தான் தொங்குகிறது.

பிரவுன்ஸ்வெக் வந்து சேரும்போது மதியம். பெயருக்கு ஓர் ஊர். உள்ளே நடந்தால் ஊருக்குள் பல ஊர். கான்சே, மக்காம்பி, காஜு, ஜாங்காகோண்ட்ரே, வாக்கிபாசு என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெயர், தனி கபித்தன் (ஊர்த்தலைவர்), தனி பாசியா (அவருக்கு உதவியாளர்). இவையெல்லாம் சுரிநாம் ஆற்றில் அணை கட்டியதால் உருவான ஏரிக்கு அடியில் கிடக்கும் ஊர்களின் பெயர்கள். 1964–65-இல் தண்ணீர் ஏறியபோது லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். வந்தவர்கள் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

வரிசை வரிசையாகச் சின்ன மர வீடுகள். சாமாக்கா ஊர் இப்படி இருக்காது. ஆற்றை ஒட்டி, தாய்வழிக் குடும்பம் குடும்பமாக, வளைந்து நெளிந்த பாதைகளோடு இருக்கும். இங்கே ஆறே இல்லை. ஆற்றிலேயே குளித்து, ஆற்றிலேயே மீன் பிடித்து, ஆற்றிலேயே பயணம் போன மக்களைப் பழைய ரயில் பாதை ஓரத்தில் நேர்கோட்டில் குடியேற்றியிருக்கிறார்கள். திட்டம் போட்டவர் வரைபடத்தைப் பார்த்திருப்பார், படகைப் பார்த்திருக்க மாட்டார்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் ‘தியா’ என்றே அழைக்கிறார்கள், அத்தை மாதிரி. அவருடைய தங்கை மகன் பிரெஞ்சு கயானாவில் வேலை செய்து திரும்பியவர், ஆங்கிலமும் தெரியும். எனக்கு அவர் ‘தம்பி’. இனி வரும் பேச்செல்லாம் அவர் வழியாக வந்ததுதான்.

வெள்ளி – அஃபோபாக்கா அணை

அணையைப் பார்க்க அனுமதி வாங்குவது பெரிய வேலை இல்லை. வண்டி கிடைப்பதுதான் வேலை.

1958-இல் சுரிநாம் அரசும் அல்கோவாவும் புரோக்கோபோண்டோ ஒப்பந்தம் செய்துகொண்டன. சுரால்கோ அணை கட்டும். மின்சாரம் பரனாம் ஆலைக்குப் போகும். அரசுக்கு ஒரு சிறு பங்கு. அலுமினியம் உருக்க மின்சாரம் ஆறாக ஓட வேண்டும். அதனால் ஆற்றையே மறித்தார்கள். 1964 பிப்ரவரியில் ஆறு மூடப்பட்டது. 54 மீட்டர் உயரம், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம், 180 மெகாவாட் சொச்சம். இந்தச் சின்ன மின்சாரத்துக்கு முழுகிய நிலம் 1,560 சதுர கிலோமீட்டர். பூமி இங்கே தட்டை. ஆழமான பள்ளத்தாக்கு இல்லாததால் தண்ணீர் உயராமல் பரந்துகொண்டே போனது. நாட்டின் மொத்தப் பரப்பில் நூறில் ஒரு பங்கு.

அந்த நிலத்தில் சாமாக்கா மக்கள் சுமார் 6,000 பேர் இருந்தார்கள். கான்சே அவற்றில் பெரிய ஊர், மொராவிய கிறிஸ்தவ சபையின் தேவாலயம் இருந்த இடம். தியா அப்போது சிறுமி. தண்ணீர் வரும் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது பெரியவர்கள் நம்பவில்லை என்கிறார். “ஆற்றை யார் நிறுத்த முடியும்? மழைக்காலத்தில் ஏறும், வெயிலில் இறங்கும், அவ்வளவுதான் என்று சொன்னார்கள்.” சமையல் கொட்டகைக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் சில குடும்பங்கள் கிளம்பின. இடுகாடுகளை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை, கையில் வேர்க்கடலை உடைப்பதும் நிற்கவில்லை.

அதே நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ஜான் வால்ஷ் என்பவர் விலங்கு பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் சார்பில் வந்து, மர உச்சிகளில் மாட்டிக்கொண்ட ஸ்லாத் என்ற மந்தமாக நகரும் மர விலங்குகள், எறும்புதின்னிகள், மான்கள், குரங்குகள் என்று கிட்டத்தட்ட 10,000 உயிர்களைப் படகில் மீட்டார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் உலகப் பத்திரிகைகளில் அந்த விலங்குகளுக்குக் கிடைத்த இடம் இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

காட்டை வெட்டாமலே முழுகடித்ததால் மரங்கள் அழுகித் தண்ணீர் கெட்டது. ஆகாயத்தாமரை மண்டியது, மருந்து தெளித்தார்கள். இப்போதும் ஏரி முழுக்கப் பட்டுப்போன மரங்களின் உச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சாம்பல் நிறம், இலை ஒன்றும் கிடையாது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் அந்தக் கெட்டி மரத்தை முக்குளித்து அறுத்து விற்கும் தொழிலும் வந்திருக்கிறது.

மின்சாரத்துக்கு என்ன ஆனது? ஆலைக்குத் தேவைப்பட்டது போக மிச்சத்தை அரசு சுரால்கோவிடம் காசு கொடுத்து வாங்கித் தலைநகருக்கு விநியோகித்தது. உள்ளூர் ஆறு, உள்ளூர் நிலம், விலை மட்டும் அவர்களுடையது. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்பார்களே, அது. அலுமினியம் உருக்குவது நின்ற பிறகும் இருபது வருடம் அணை கம்பெனியிடமே இருந்தது. 2020 ஜனவரி முதல்தான் அரசுக்குக் கைமாறியது. இடம் பெயர்ந்த ஊர்களின் தலைக்கு மேலே கம்பி போய்க்கொண்டிருக்க, கீழே வீடுகளில் பல்லாண்டு மண்ணெண்ணெய் விளக்கு.

கம்பி அறுபட்ட காலமும் உண்டு. 1986-இலிருந்து 1992 வரை ராணுவ ஆட்சியாளர் பவுட்டர்சேயின் படைக்கும் ரோனி புருன்ஸ்வைக்கின் மரூன் கிளர்ச்சியாளர்களுக்கும் உள்நாட்டுப் போர். 1987 தொடக்கத்தில் கிளர்ச்சிக்காரர்கள் கோபுரங்களைச் சாய்த்தார்கள், ஆலை நின்றது. காட்டு ஊர்கள் காலியாகின. ஆயிரக்கணக்கானோர் பாரமாரிபோவுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் ஓடினார்கள், பலர் திரும்பவே இல்லை. அதே புருன்ஸ்வைக் 2020-இல் நாட்டின் துணை அதிபரானார். அரசியலில் எதுவும் நடக்கும்.

சனி – தியாவின் வயல்

இன்றைக்கு அக்டோபர் 10, மரூன் தினம். 1760-இல் இதே நாளில் நிஜூக்கா மக்கள் டச்சுக்காரர்களோடு சமாதான ஒப்பந்தம் செய்தார்கள். 2011 முதல் நாடு முழுக்க விடுமுறை. சாமாக்காவின் ஒப்பந்தம் அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1762 செப்டம்பர் 19. ஊருக்குள் சாயங்காலம் மேளமும் ஆட்டமும் இருந்தது. பெண்கள் பாங்கி கட்டியிருந்தார்கள், நம் லுங்கிக் கட்டம் போலவே இருக்கும் பருத்தித் துணி, ஓரத்தில் நூல் வேலை. ஆனால் தியாவுக்கு விடுமுறை கிடையாது. காலையில் வயலுக்குக் கிளம்பினார், நானும் கூடவே.

ஒரு மணி நேர நடை. காட்டை வெட்டிச் சாய்த்து எரிப்பது ஆண்கள் வேலை. எரிந்து முடிந்த நிலம் கருப்பாக, இன்னும் சூடாகக் கிடந்தது. டிசம்பர் மழைக்கு இதில் மலைநெல் விதைப்பார்கள். நீர் தேங்காத, மானாவாரி நெல். பக்கத்தில் போன வருட வயலில் மரவள்ளி, வேர்க்கடலை, வாழை. இரண்டு மூன்று வருடத்தில் இந்த நிலத்தை விட்டுவிட்டு வேறிடம் போவார்கள், காடு திரும்ப மூடிக்கொள்ளும். ஏரியில் நிலம் போன பிறகு ஊருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு மாறும் அளவுக்குக் காடு இல்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எரித்தால் மண் செத்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஒரு மணி நேர நடை.

விதைநெல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பான்சாவின் கதையைச் சொல்வார்கள். தோட்டத்திலிருந்து ஓடும்போது தலைமுடிக்குள் நெல்லை ஒளித்துக் கொண்டுவந்த பெண். அவர் கொண்டுவந்த நெல்தான் காட்டில் முளைத்தது என்பது சாமாக்கா வரலாறு. ஓடிப்போன கதைகள் ஒவ்வொரு தாய்வழிக் குலத்துக்கும் தனித்தனியாக உண்டு. மாஜாவு குலத்தார் 1690-இல் மச்சாடோ என்ற யூதத் தோட்ட முதலாளியிடமிருந்து கலகம் செய்து தப்பியவர்கள். அதன் பிறகு எழுபது வருடம் டச்சுப் படைகள் காட்டுக்குள் வருவதும், ஊரைக் கொளுத்துவதும், மரூன்கள் தோட்டத்தைத் தாக்கித் துப்பாக்கியும் பெண்களையும் மீட்டுப் போவதுமாக ஓடியது. வெல்ல முடியாது என்று தெரிந்த பிறகு டச்சுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சுதந்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. வெடிமருந்து, துணி, உப்பு, இரும்புச் சாமான் என்று சீர்வரிசை வந்தது. பதிலுக்கு இனிமேல் ஓடிவருகிற அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற கசப்பான நிபந்தனையும் இருந்தது. நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1863-இல். இவர்கள் அதற்கு நூறு வருடம் முன்பே சுதந்திர மனிதர்கள்.

மதியம் வீட்டுக்குத் திரும்பி மரவள்ளி வேலை. இது கசப்பு ரகம், அப்படியே தின்றால் விஷம். தோல் சீவித் துருவுகிறார்கள். துருவலை ‘மத்தாப்பி’ என்ற ஆளுயர நீளப் பின்னல் குழாயில் திணித்து உத்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். அடி வளையத்தில் ஒரு கம்பைச் செருகித் தியா அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். குழாய் நீண்டு சுருங்கச் சுருங்கப் பால் நிறத்தில் நஞ்சு நீர் சொட்டுகிறது. உட்கார்ந்தபடியே பேரனைத் திட்டினார், போனில் யாரிடமோ கடன் கேட்டார், எனக்குக் காபி ஊற்றச் சொன்னார். பிழிந்த மாவைச் சலித்து அகல இரும்புத் தகட்டில் பரப்பினால் ரொட்டி. கிளறிக்கொண்டே வறுத்தால் ‘குவாக்’ என்ற பொரிமா, மாதக்கணக்கில் கெடாது. தங்க முகாம்களுக்கு இதுதான் சாப்பாடு, அங்கே விலையும் நல்ல விலை.

இந்தக் கணக்கை எந்த அறிக்கையிலும் காணோம். மாவட்டப் பொருளாதாரம் என்று தேடினால் தங்கம், மரம், மின்சாரம், சுற்றுலா என்று வரும். வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பெண்களின் வயலால்.

ஆண்களுடைய பங்கு பணம். அதற்கு வெளியே போக வேண்டும். நூறு நூற்றைம்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரம் வெட்டித் தெப்பமாகக் கட்டி நகரத்துக்கு மிதக்கவிட்டார்கள். பிரெஞ்சு கயானாவில் தங்கம் கிடைத்தபோது அங்கே போய் ஆறுகளில் சரக்குப் படகு ஓட்டினார்கள், அருவிகளைத் தாண்டிப் படகு செலுத்துவதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பிறகு பலாட்டா மரப்பால், பிறகு அணை கட்டும் வேலை, பிறகு பிரெஞ்சு கயானாவின் கூரூவில் ராக்கெட் தளம் கட்டும் வேலை. தம்பி இருந்ததும் அந்தப் பக்கம்தான். கட்டட வேலை, யூரோவில் கூலி.

ஞாயிறு – மலையும் ஏரியும்

பிரவுன்ஸ்பெர்க் ஏறியாயிற்று. 500 மீட்டர் உயரப் பீடபூமி, மேலிருந்து ஏரி தெரியும், குரங்குகள் உண்டு, இரண்டு அருவி உண்டு. ஐரீன் அருவிக்கு இறங்கி ஏறுவதற்குள் முழங்கால் பேசியது. சுற்றுலாப் படங்கள் எல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, நான் வேறு சேர்க்க வேண்டாம். படங்களில் வராதது ஒன்று: இயற்கைப் பூங்காவின் சரிவிலேயே தங்கம் தோண்டிய மஞ்சள் குழிகள்.

மலைக்குப் பெயர் தந்த ஜான் பிரவுனும் தங்கம் தேடி வந்தவர்தான். அந்த ஆசைக்காகவே 1903-இல் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள், லாவா ஆற்றுத் தங்க வயல் வரை. ஆளுநர் கார்னெலிஸ் லெலியின் யோசனை. 1912-இல் 173 கிலோமீட்டரில் பாதை நின்றுவிட்டது, லாவாவைத் தொடவே இல்லை. எதிர்பார்த்த தங்கமும் இல்லை. காபெல் என்ற இடத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டப் பணம் இல்லாமல் கம்பியில் தொங்கும் கூண்டில் பயணிகளை அக்கரைக்கு இழுத்தார்களாம். தெற்குப் பகுதி ஏரியில் முழுகியது. மிச்சமும் 1980-களில் செத்தது.

திங்கள் – நியூ கோஃபிகாம்ப்

பிரவுன்ஸ்வெக்கில் இருப்பவர்களுக்காவது ஒரு முறைதான் இடப்பெயர்வு. கோஃபிகாம்ப் ஊரை ஏரிக்காக இருந்த இடத்திலிருந்து எழுப்பி, வேறிடத்தில் நியூ கோஃபிகாம்ப் என்று உட்காரவைத்தார்கள். அந்த வேறிடத்துக்குக் கீழே தங்கம் இருந்தது.

1990-களில் ரோஸ்பெல் தங்கச் சுரங்க உரிமம் கனடா நிறுவனம் ஒன்றுக்குப் போனபோது ஊர் அந்த உரிம எல்லைக்குள்ளேயே இருந்தது. மறுபடி எழுந்திருங்கள் என்றார்கள். இந்த முறை எழவில்லை. 1995-இல் சாலையை மறித்தார்கள். அமெரிக்க நாடுகள் அமைப்பு நடுவில் வந்து பேசியது. ஊர் நகரவில்லை, சுரங்கமும் நிற்கவில்லை. 2004-இல் உற்பத்தி தொடங்கியது. கேம்பியர், ஐயாம்கோல்டு என்று கைமாறி 2023-இல் சீனாவின் ஸிஜின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. சுரிநாம் அரசுக்கு அதில் 5 சதவீதப் பங்கு.

ஊர்க்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து மண் அலசித் தங்கம் எடுத்த ஓடைகள் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம். அவர்கள் உள்ளே போய்த் தோண்டினால் சட்டவிரோதம். 2019-இல் அப்படி நுழைந்தவர்களுக்கும் போலீசுக்கும் மோதல் வந்து ஒரு சிறு தோண்டுநர் சுடப்பட்டு இறந்தார், கலவரத்தில் சுரங்கமே சில நாள் மூடிக் கிடந்தது.

வேலிக்கு வெளியே சின்ன அளவில் தோண்டும் இடம் ஒன்றைக் காட்டினார்கள். உயர் அழுத்தக் குழாயால் மண்சுவரை அடித்துக் கரைக்கிறார்கள். சேற்றைப் பம்பு உறிஞ்சிச் சாய்வான மரப்பெட்டியில் ஊற்றுகிறது. பெட்டியின் அடியில் கம்பளம், கனமான துகள் அதில் தங்கும். கடைசியில் பாதரசம் விட்டுத் தங்கத்தைச் சேர்த்துப் பிடித்து, உருண்டையைத் தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். அதைச் செய்த பையன் முகமூடி போடவில்லை. ஓடையில் மீன் பிடிக்கிறீர்களா என்றேன். “இங்கே பிடிப்பதில்லை, ஏரியில் பிடிப்போம்” என்றான். ஓடை ஏரிக்குத்தான் போகிறது.

இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் வேறு. டீசல், சாப்பாடு அவர் செலவு. கிடைப்பதில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தைக் கூலிக்காரர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பாதிப்பேர் பிரேசில்காரர்கள். முகாமுக்குப் பக்கத்தில் சீனர் கடை, அங்கே பீருக்கும் பேட்டரிக்கும் தங்கத்தை கிராமில் நிறுத்து வாங்குகிறார்கள். ஊரில் புதிதாகச் செங்கல் வீடு தெரிந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. தங்கத்தைத் திட்டுவது சுலபம். இந்த மாவட்டத்தில் பள்ளிப்படிப்பை முடித்த பையனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் ஆசிரியர், போலீஸ், வேன் ஓட்டுநர் என்று மூன்று விரலோடு நின்றுவிடுகிறார்கள்.

செவ்வாய் – ஆட்ஜோனி

தலைநகரிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டரில் தார்ச்சாலை முடிகிறது. அந்த முனை ஆட்ஜோனி. மாவட்ட எல்லை தாண்டி சிபாலிவினி தொடங்கிவிட்டது. இனி மேலே போக ஆறுதான். கரையில் நீள நீளப் படகுகள், ஒவ்வொன்றிலும் சிமெண்ட், பீர்ப் பெட்டி, கேஸ் சிலிண்டர், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள்.

இங்கிருந்து மேலே இருக்கும் சாமாக்கா ஊர்கள் 1990-களில் திடீரென்று தங்கள் காட்டில் சீன மரக் கம்பெனிகளைக் கண்டன. அரசு உரிமம் கொடுத்திருந்தது, ஊரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்பது சட்டம்: பட்டா இல்லாத நிலமெல்லாம் அரசு நிலம். 1762-இல் ஒப்பந்தம் போட்டவர்களிடம் பட்டா ஏது? ஹூகோ ஜபினி, வான்ஸே எடுவார்ட்ஸ் போன்றோர் ஊர் ஊராகப் போய்க் கபித்தன்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, எல்லைகளை வரைபடமாக்கி, அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார்கள். 2007 நவம்பர் 28-இல் தீர்ப்பு: நிலம் சாமாக்கா மக்களின் கூட்டுச் சொத்து, பெரிய திட்டம் என்றால் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும், அதை உறுதிசெய்யச் சட்டம் இயற்ற வேண்டும். இருவருக்கும் 2009-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. சட்டம் மட்டும் வருடக்கணக்காக இழுபறி.

அந்த வழக்கில் அஃபோபாக்கா அணையின் பாதிப்பையும் சேர்த்துக் கேட்டார்கள். முதல் மனுவில் அது இல்லை என்று நீதிமன்றம் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. தியாவிடம் இதை நேற்றிரவு சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “அப்போ வேற மனு போடணும்” என்றார், தம்பியைப் பார்த்து. தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்காரர் மதியம் கிளம்பலாம் என்கிறார். இரண்டு பேர் இருக்கையை அடைத்துக்கொண்டு ஒரு குளிர்பதனப் பெட்டி ஏறியிருக்கிறது. அது போகிற ஊரில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடும், அதுவும் டீசல் வந்தால். மேலே சிக்னல் கிடைக்கிற ஊரிலிருந்து அடுத்த பதிவு.